பெரியம்மாவின் டபுள், என் சிங்கிள்

தம்பி மனைவிக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, பிறக்கப் போகிற குழந்தைக்கு ஒரு குல்லா பின்னலாம் என்று உட்கார்ந்தேன். கொக்கி ஊசியால் நூல் பின்னுகிற குரோஷாவை யூடியூப் பார்த்துக் கற்று மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு மப்ளர், நாலு டம்ளர் மேட் முடித்திருந்தேன். இனி என்ன வேண்டுமானாலும் போட்டுவிடலாம் என்ற நினைப்பு வருவதற்கு அது போதுமே.

பேட்டர்ன், நாகர்கோவிலில் பெரியம்மாவின் தகரப் பெட்டியிலிருந்து நான் கிளப்பிக்கொண்டு வந்த பழைய ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தது. அட்டை எப்போதோ போய்விட்டது. நடுப்பக்கங்களில் எண்ணெய்க் கறை. குல்லாவுக்கு ஒரே ஒரு பக்கம்தான்: 8ஆம் நம்பர் ஊசி, டபுள் குரோஷே, முதல் சுற்றில் 6 தையல், இரண்டாவதில் 12, மூன்றாவதில் 18, இப்படியே ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு ஆறாகக் கூட்ட வேண்டும். என் ஊசிப் பெட்டியில் ஹெச்-8 என்று எழுதிய ஊசி இருந்தது. டபுள் குரோஷேயும் எனக்குத் தெரியும். வேறென்ன வேண்டும்?

ஐந்தாவது சுற்றிலேயே உச்சி கூராக எழும்ப ஆரம்பித்தது. பத்தாவது சுற்றில் பார்த்தால், பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் தலையில் ரப்பர் பேண்டு போட்டு மாட்டுகிற காகிதக் கூம்பு. பிரித்தேன். மறுபடி போட்டேன். மறுபடியும் கூம்பு. மூன்றாம் முறை ஒவ்வொரு தையலையும் வாய்விட்டு எண்ணிப் போட்டேன். அச்சுப் பிசகாத கூம்பு.

பெரியம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவர் அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “நீ எதுக்கு மக்ளே ட்ரெபிள் போட்ட?”

“ட்ரெபிள் போடல பெரியம்மா, டபுள்தான் போட்டேன். புக்லயும் டபுள்னுதான் இருக்கு.”

“நானும் அதத்தான் சொல்லுகேன். புக்ல டபுள்தான இருக்கு. நீ போட்டிருக்கது ட்ரெபிள்.”

பத்து நிமிஷம் இப்படியே போனது. இரண்டு பேர் சொன்னதும் சரி என்பதுதான் வேடிக்கை. கடைசியில் பெரியம்மா போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நூலும் ஊசியும் எடுத்து ஒரு தையல் போட்டுக் காட்டினார். ஊசியை உள்ளே விட்டார், நூலை இழுத்தார், இரண்டு கண்ணி. மறுபடி நூலைப் பிடித்து இரண்டுக்குள்ளும் ஒன்றாக இழுத்தார். முடிந்தது. “இது டபுள்” என்றார். எனக்கு அது சிங்கிள்.

ஒரே தையல், இரண்டு பெயர்

குரோஷா எழுத்தில் பிரிட்டிஷ் வழக்கு, அமெரிக்க வழக்கு என்று இரண்டு உண்டு. அமெரிக்காக்காரர்களின் சிங்கிள் குரோஷே பிரிட்டனில் டபுள் குரோஷே. அவர்களின் ஹாஃப் டபுள் இவர்களுக்கு ஹாஃப் ட்ரெபிள். அவர்களின் டபுள் இவர்களுக்கு ட்ரெபிள். எல்லாம் ஒரு படி தள்ளி இருக்கும். நம் ஊரில் கான்வென்ட்டிலோ கைவேலை டீச்சரிடமோ கற்றுக்கொண்ட பெரியவர்கள் பலரும் பிரிட்டிஷ் பெயர் சொல்வார்கள். யூடியூபில் கற்ற என் போன்றவர்கள் அமெரிக்கப் பெயர் சொல்வோம். வீட்டுக்குள்ளேயே சண்டை வர இது தாராளமாகப் போதும்.

எது எந்த வழக்கு என்று குழம்பாமல் இருக்க நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஊசியைத் தையலுக்குள் விட்டு நூலை இழுத்ததும் ஊசியில் எத்தனை கண்ணி நிற்கிறது என்று எண்ணினால் பிரிட்டிஷ் பெயர் வந்துவிடும்: இரண்டு நின்றால் டபுள், மூன்று நின்றால் ட்ரெபிள். அதற்கப்புறம் அந்தக் கண்ணிகளை எத்தனை தடவையில் இழுத்து முடிக்கிறோம் என்று எண்ணினால் அமெரிக்கப் பெயர்: ஒரு தடவை என்றால் சிங்கிள், இரண்டு தடவை என்றால் டபுள். ஹாஃப் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. அதற்குத்தான் ஹாஃப் என்று பெயர் வைத்துவிட்டார்களே.

கையில் இருக்கும் பேட்டர்ன் எந்த வழக்கு என்று கண்டுபிடிப்பது சுலபம். எங்காவது “சிங்கிள் குரோஷே” என்றோ “ஹாஃப் டபுள்” என்றோ இருந்தால் அமெரிக்கா. “ஹாஃப் ட்ரெபிள்” கண்ணில் பட்டால் பிரிட்டன். தையலைத் தாண்டிப் போகச் சொல்லும்போது அமெரிக்கர்கள் “ஸ்கிப்” என்பார்கள், பிரிட்டிஷார் “மிஸ்” என்பார்கள். பேட்டர்ன் எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்பதை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். லண்டனில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க வழக்கில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஊசி நம்பரிலும் நான் சறுக்கியிருந்தேன். பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8ஆம் நம்பர் என்பது 4 மி.மீ. ஊசி. அமெரிக்க ஹெச்-8 என்பதோ 5 மி.மீ. பழைய பிரிட்டிஷ் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும், அமெரிக்க நம்பர் கூடக் கூட ஊசி தடிக்கும். லேஸுக்கான இரும்பு ஊசிகளில் அமெரிக்காவிலும் தலைகீழ்தான். ஆகவே நம்பரை விட்டுவிடுங்கள். மி.மீ. மட்டும் பாருங்கள். என் ஊசிகளில் நம்பர் அழிந்துபோனவற்றுக்கு நெயில் பாலிஷில் புள்ளி வைத்திருக்கிறேன்: 3 மி.மீ.க்குச் சிவப்பு, 4க்கு நீலம்.

நாகர்கோவில் என்றதும் ஒரு விஷயம். அங்கே லேஸ் வேலைக்கு இருநூறு வருஷக் கதை இருக்கிறது. லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலிசாதான் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லின் மனைவி. எலிசா இடையன்குடியிலும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆனால் அது திண்டின் மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற லேஸ். கொக்கி ஊசியால் பின்னுவது வேறு. நம் பக்கத்தில் கொக்கி ஊசி லேஸுக்குப் பேர் போன ஊர் ஆந்திராவின் நரசாப்பூர். 2024இல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டார்கள். பெரியம்மாவிடம் இதைச் சொன்னால், “நம்ம ஊருல போட்ட லேஸ் லேஸ் இல்லியோ?” என்று கோபித்துக்கொள்வார்.

கூம்பு ஏன் வந்தது

பெயர்க் குழப்பம் சரி, அதற்கு ஏன் கூம்பு வர வேண்டும்? இதைப் புரிந்துகொண்ட அன்றைக்குத்தான் குரோஷா எனக்குப் பிடிபட்டது என்று சொல்லலாம். அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகிறேன்.

நடுவிலிருந்து வட்டமாகப் பின்னும்போது ஒவ்வொரு சுற்றிலும் வட்டத்தின் ஆரம் ஒரு தையலின் உயரம் அளவுக்குக் கூடுகிறது. ஆரம் ஒரு பங்கு கூடினால் சுற்றளவு ஆறேகால் பங்கு கூட வேண்டும். பள்ளியில் படித்த 2πr தான், புதிதாக எதுவும் இல்லை. அமெரிக்க சிங்கிள் ஏறக்குறைய அகலமும் உயரமும் ஒன்றாக இருக்கிற தையல். ஆகவே சுற்றுக்கு ஆறு தையல் கூட்டினால் வட்டம் தட்டையாகப் படுக்கும். டபுள் அதைப்போல் இரண்டு மடங்கு உயரம். சுற்றளவும் இரண்டு மடங்கு வேகமாகக் கூட வேண்டும், ஆகவே பன்னிரண்டு. நடுவில் இருக்கும் ஹாஃப் டபுளுக்கு எட்டு.

நான் செய்தது என்ன? உயரமான தையலைப் போட்டுவிட்டு ஆறு மட்டும் கூட்டினேன். ஆரம் ஓடுகிறது, சுற்றளவு பாதி வேகத்தில் நடக்கிறது. மிச்சமிருக்கும் உயரம் எங்கே போகும்? மேலே. அதுதான் கூம்பு.

இது தெரிந்துவிட்டால் எந்த வட்டப் பேட்டர்னையும் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். மேசையில் வைத்தால் ஓரம் கிண்ணம் மாதிரி மேலே எழுகிறதா, கூட்டியது போதவில்லை. ஓரம் அப்பளம் மாதிரி நெளிகிறதா, அதிகமாகக் கூட்டிவிட்டீர்கள். நெளிவு லேசாக இருந்தால் பிரிக்க வேண்டாம், அடுத்த ஒரு சுற்றைக் கூட்டாமல் போட்டாலே படிந்துவிடும்.

ஆறு இடத்தில் கூட்டும்போது அந்த இடங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அமைந்து வட்டம் அறுகோணமாகிவிடும். பூ டிசைனுக்கு அது அழகு. டீ கோஸ்டருக்கு வட்டமாகவே வேண்டும் என்றால், ஒன்று விட்டு ஒரு சுற்றில் கூட்டும் இடத்தைத் தள்ளிப் போடுங்கள். நாலாவது சுற்றில் “ஒன்று, ஒன்று, அடுத்ததில் இரண்டு” என்று போடுவதற்குப் பதில் “ஒன்று, அடுத்ததில் இரண்டு, ஒன்று” என்று போட்டால் எண்ணிக்கை அதே 24, மூலை மட்டும் மறைந்துவிடும்.

குல்லா அளவுக்கும் இதே கணக்குதான். மூன்று மாதக் குழந்தைக்குத் தலைச்சுற்றளவு 40 செ.மீ. பக்கம் இருக்கும். பின்னல் இழுபடும் என்பதால் 2 செ.மீ. கழித்து 38. அதை 3.14ஆல் வகுத்தால் 12. ஆக, தட்டை வட்டம் 12 செ.மீ. விட்டம் வரும்வரை கூட்டிக்கொண்டே போய், அதற்கப்புறம் கூட்டாமல் நேராக இறக்கிவிட்டால் குல்லா. பேட்டர்ன்கூட வேண்டாம். ஒரு டேப்பும் குழந்தையின் தலையும் போதும். தலை பக்கத்தில் இல்லையென்றால் அவர்கள் அம்மாவிடம் போனில் கேட்டு வாங்கிவிடுங்கள். உத்தேசமாகப் போட்டுக் கொடுத்த குல்லாக்கள் எல்லாம் பொம்மை தலையில்தான் போய்ச் சேரும்.

மப்ளர் ஏன் மெலிந்தது

என்னிடம் குரோஷா கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் குறை ஒன்றுதான்: “நேராத்தான் போட்டேன், போகப் போகக் குறுகிடுச்சு.” என் முதல் மப்ளரும் 30 தையலில் தொடங்கி 21இல் முடிந்தது. கழுத்தில் சுற்றிக்கொண்டால் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திருட்டு நடப்பது ஓரத்தில். வரியின் மேல்விளிம்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னிய ஜடையைப் படுக்கப் போட்டது மாதிரி தெரியும். அந்த ஜடையின் ஒவ்வொரு இதழும் ஒரு தையலின் தலை. ஊசி போக வேண்டியது அந்த இதழின் இரண்டு நூலுக்கும் அடியில்.

அமெரிக்க சிங்கிளில் வரி திரும்பும்போது ஒரு செயின், அதாவது ஊசியில் இருக்கும் கண்ணிக்குள் நூலை இழுத்துப் போடுகிற சங்கிலிக் கண்ணி, போடுவோம். அது வெறும் படி, தையல் கணக்கில் சேராது. ஆகவே முதல் தையலை முதல் இதழிலேயே போட வேண்டும். டபுளில் திரும்பும்போது மூன்று செயின் போடுவோம். பெரும்பாலான பேட்டர்ன்களில் அந்த மூன்றும் சேர்ந்து முதல் டபுள். ஆகவே அடுத்ததை இரண்டாவது இதழில் போட வேண்டும். வரியின் கடைசித் தையலோ, போன வரியில் நாம் போட்ட மூன்று செயினின் உச்சியில் போய் உட்கார வேண்டும். இங்கேதான் எல்லோரும் விடுகிறோம். அந்த உச்சி ஒல்லியாக, சற்று விலகி, ஜடையோடு ஒட்டாமல் நிற்கும். அது ஒரு தையல் என்றே கண்ணுக்குப் படாது. வரிக்கு ஒன்றாக விட்டால் இருபது வரியில் இருபது தையல் காலி.

சில பேர் கடைசியில் ஒன்றை விட்டுவிட்டு, தொடக்கத்தில் முதல் இதழிலும் ஒன்றைக் கூடுதலாகக் குத்திவிடுவார்கள். எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை சரியாக வரும். ஓரம் மட்டும் எலி கடித்த மாதிரி இருக்கும்.

மருந்து எளிது. திரும்பியதும் மூன்றாவது செயினில் ஒரு ஊக்கு மாட்டுங்கள். அடுத்த வரியின் முடிவில் அந்த ஊக்கு எங்கே இருக்கிறதோ அங்கே கடைசித் தையல். ஊக்கின் சுருள் முனையில் நூல் சிக்கும் என்பதால் நான் வேறு நிறத்து நூல் துண்டு ஒன்றை விட்டு வைப்பேன். ஸ்டிச் மார்க்கர் என்று அழகழகாக விற்கிறார்கள். வாங்கலாம், ஆனால் அது சோபா இடுக்கில் போய்விடும்.

தொடக்கச் செயின் எண்ணிக்கையும் இதிலிருந்தே வரும். சிங்கிளில் 30 தையல் வேண்டுமென்றால் 31 செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் ஆரம்பிக்க வேண்டும். டபுளில் 30 வேண்டுமென்றால் 32 செயின் போட்டு நாலாவதில் ஆரம்பிக்க வேண்டும். விட்ட மூன்றும் முதல் டபுளாகிவிடும். செயினை மட்டும் அரை மி.மீ. தடித்த ஊசியால் போடுங்கள். நாம் பதற்றத்தில் செயினை இறுக்குவோம். அப்புறம் பின்னல் முழுக்க விரிந்து, அடிப்பக்கம் மட்டும் சுருக்குப்பை வாய் மாதிரி நிற்கும்.

பத்து சென்டிமீட்டர் சதுரம்

மாதிரிச் சதுரம் போடச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். மேட், கூடை, தோரணம், பொம்மை எதற்கும் நான் போடுவதில்லை. உடம்பில் போடுகிற எதற்கும் போடாமல் ஆரம்பிப்பதில்லை, காரணம் ஒரு மஞ்சள் டாப். பேட்டர்னில் 10 செ.மீ.க்கு 16 தையல் என்றிருந்தது. மார்புச் சுற்றளவு 90 செ.மீ.க்கு 144 தையல். என் கை இறுக்கம், எனக்கு 10 செ.மீ.க்கு 18 தையல் விழுகிறது. அதே 144ஐ நான் போட்டால் 80 செ.மீ. இரண்டே இரண்டு தையல் வித்தியாசம், பத்து சென்டிமீட்டர் போயிற்று. அந்த டாப்பை இப்போது அக்கா மகள் போடுகிறாள்.

15 செ.மீ. சதுரம் பின்னி, துணி துவைக்கிற மாதிரியே நனைத்து, காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். ஓரத்தைச் சேர்த்து அளந்தால் கணக்கு பொய் சொல்லும். தையல் அதிகம் விழுந்தால் ஊசியை அரை மி.மீ. கூட்டுங்கள், குறைவாக விழுந்தால் குறையுங்கள். கையை மாற்றப் பார்க்காதீர்கள். பத்து நிமிஷம் தளர்த்திப் பின்னுவீர்கள், டிவியில் சீரியல் சூடு பிடித்ததும் பழையபடி இறுகிவிடும்.

நூலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நம் வெயிலுக்குப் பருத்திதான். அக்ரிலிக் உல்லன் விலை குறைவு, நிறம் அள்ளும், கற்றுக்கொள்ளவும் பொம்மைக்கும் நல்லது. ஆனால் சித்திரையில் அதில் டாப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போய்ப் பாருங்கள், புரியும். பருத்தி லேஸ் நூலில் 10, 20, 40 என்று நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ப்ளை எண்ணிக்கை ஏறினால் பொதுவாகத் தடிக்கும். கோவையில் இருப்பதில் எனக்கு ஒரு லாபம்: பக்கத்துத் திருப்பூரின் பனியன் துணிக் கழிவை நாடாவாக வெட்டி நூலாக்கி விற்கிறார்கள். 8 மி.மீ., 10 மி.மீ. ஊசியில் மிதியடி, கூடை எல்லாம் ஒரே மாலையில் முடிந்துவிடும். மணிக்கட்டு வலிக்கும், சொல்லிவிட்டேன்.

வேண்டிய நூலை ஒரே தடவையில் வாங்குங்கள். கண்டின் லேபிளில் நிற எண்ணோடு சாய லாட் எண்ணும் இருக்கும், இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். “அதே பச்சைதாம்மா” என்று கொடுத்ததை நம்பி வாங்கி வந்து, பகல் வெளிச்சத்தில் பார்த்தால் பாதி மாவிலை, பாதி வேப்பிலை. மாட்டிக்கொண்டீர்களென்றால் இரண்டு கண்டையும் வரிக்கு வரி மாற்றி மாற்றிப் போடுங்கள், கோடு தெரியாது. கடைசி வரிக்கு நூல் வருமா என்று சந்தேகம் வந்தால் சமையலறைத் தராசில் கண்டை வைத்து எடை பாருங்கள். ஒரு வரி போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். வித்தியாசம்தான் ஒரு வரியின் செலவு.

மணி வைத்த மூடி

பெயர்க் குழப்பமே வேண்டாம் என்கிறவர்கள் ஜப்பானிய, ரஷ்யப் பேட்டர்ன்களைப் பார்க்கலாம். அவை பெரும்பாலும் படமாக இருக்கும். செயினுக்கு முட்டை வடிவக் குறி, சிங்கிளுக்குப் பெருக்கல் அல்லது கூட்டல் குறி. ஆங்கில டி எழுத்து மாதிரி இருந்தால் ஹாஃப் டபுள், அதன் உடம்பில் ஒரு குறுக்குக் கோடு இருந்தால் டபுள், இரண்டு இருந்தால் அமெரிக்க ட்ரெபிள். கோடு எத்தனையோ, அத்தனை தடவை நூலைச் சுற்றிக்கொண்டு ஊசியை உள்ளே விட வேண்டும், ஹாஃப் டபுளுக்கு மட்டும் ஒரு சுற்று என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கோலப் புத்தகம் பார்த்து வாசலில் போடத் தெரிந்த கைக்கு இது பழகுவதற்கு ஒரு வாரம் ஆகாது. பெரியம்மாவும் நானும் இப்போதெல்லாம் வாட்ஸப்பில் படம் போட்டுத்தான் பேசிக்கொள்கிறோம்.

எழுத்துப் பேட்டர்னில் மிரட்டுகிற இன்னொன்று, “6இன் மடங்கு, கூட 1” போன்ற வரிகள். ஒரே தையலில் பல டபுள் போட்டு விசிறியாக விரிக்கிற சிப்பி டிசைனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிங்கிள், இரண்டு தையல் தாண்டு, அடுத்ததில் சிப்பி, இரண்டு தாண்டு, மறுபடி சிங்கிள். ஒரு சிப்பி ஆறு தையல் இடத்தை அடைக்கும். வரியாகப் பின்னினால் கடைசிச் சிப்பியைக் கட்டிப்போட ஒரு சிங்கிள் வேண்டும், அதுதான் அந்தக் கூடுதல் ஒன்று. வட்டமாகப் பின்னினால் கடைசிச் சிப்பி முதல் சிங்கிளிலேயே வந்து முடிந்துவிடும், கூடுதல் வேண்டாம். உங்கள் தாவணியில் எத்தனை தையல் இருந்தாலும் சரி, ஆறால் வகுத்து, வரியாகப் போடுவதென்றால் மீதி ஒன்று வருமா, சுற்றிப் போடுவதென்றால் மீதியின்றி வகுபடுமா என்று பார்த்துவிட்டு ஓரத்தில் சிப்பி போடலாம்.

இதுவரை சொன்னதை வைத்து ஒரு சின்ன வேலை. முன்பு தண்ணீர் ஜக்கின் மேல் மணி தொங்கும் வலைமூடி போட்டிருப்பார்களே, அது. நாலு ப்ளை பருத்தி நூல், 3 மி.மீ. ஊசி, கொஞ்சம் கனமான எட்டு மணி. எட்டையும் முதலிலேயே நூலில் கோத்துக் கீழே தள்ளிவிடுங்கள். நான் ஒருமுறை மறந்து, முக்கால் பாகம் முடித்தபின் நூலை அறுத்துக் கோத்தேன். இனி வருவதெல்லாம் அமெரிக்கப் பெயர்.

மேஜிக் ரிங்கில் (முனையை இழுத்தால் மூடிக்கொள்ளும் நூல் வளையம்) 3 செயின், 11 டபுள். செயினையும் சேர்த்து 12. அந்த 3 செயினின் உச்சியில் ஸ்லிப் ஸ்டிச் (ஊசியை விட்டு நூலை எல்லாக் கண்ணிக்குள்ளும் ஒரேயடியாக இழுப்பது) போட்டு மூடுங்கள், ஒவ்வொரு சுற்றும் இப்படித்தான் முடியும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு டபுள், 24. மூன்றாவதில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு, 36. நாலாவதில் மூன்றுக்கு ஒன்றில் இரண்டு, 48. சுற்றுக்குப் பன்னிரண்டு கூடுகிறது, ஆகவே தட்டையாகப் படுக்கும். 48ஐ ஆறால் வகுத்தால் எட்டு, ஆகவே எட்டுச் சிப்பி, எட்டு மணி. ஐந்தாம் சுற்று: ஒரு சிங்கிள், இரண்டு தாண்டு, அடுத்த தையலில் 3 டபுள், ஒரு செயின், மணியை ஊசிவரை ஏற்றிக்கொண்டு அதைப் பூட்ட இன்னொரு செயின், அதே தையலில் மறுபடி 3 டபுள், இரண்டு தாண்டு. எட்டு முறை. முதல் சிங்கிளில் மூடிவிட்டு அறுத்துக்கொள்ளுங்கள்.

நூல் முனையை ஒரே பக்கமாகச் செருகினால் இரண்டு துவையலில் வெளியே வந்துவிடும், பருத்தி வழுக்கும். ஒருபக்கம் செருகி, திரும்பி வந்து, மூன்றாவதாக வேறு திசையில் செருகிவிட்டு வெட்டுங்கள். மேஜிக் ரிங்கின் நடு முனைக்கு இது இரட்டிப்பு முக்கியம். அது அவிழ்ந்தால் மூடியின் நடுவில் ஓட்டை விழும்.

சதுரம் சதுரமாகப் பின்னி இணைக்கிற போர்வைக்குப் போகிறவர்கள் எல்லாச் சதுரத்தையும் ஒரே கையால், ஒரே ஊசியால் போடுங்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சென்னைதான் ஞாபகம் வரும். 2016 ஜனவரியில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர் அங்கே 11,148.5 சதுர மீட்டர் போர்வை ஒன்றை விரித்துக் கின்னஸ் வாங்கினார்கள். எத்தனையோ ஊர்க் கைகள், எத்தனையோ இறுக்கம், எத்தனையோ தளர்ச்சி. அத்தனையையும் அளவு பிசகாமல் ஓரத்தோடு ஓரம் சேர்த்திருக்கிறார்கள். நான் இரண்டு மாத இடைவெளியில் போட்ட இரண்டு சதுரத்தையே சேர்க்க முடியாமல் பாதியில் விட்ட போர்வை இன்னமும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

அந்தக் குல்லா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 4 மி.மீ. ஊசி, பெரியம்மாவின் டபுள், என் சிங்கிள், ஆறு ஆறாகக் கூட்டி, 12 செ.மீ. வந்ததும் நேராக இறக்கி முடித்தேன். குழந்தை பிறந்து மூன்றாம் மாதம் நாகர்கோவிலுக்குப் போனபோது தலையில் கச்சிதமாக உட்கார்ந்தது. பெரியம்மா குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார், கண்ணாடி போட்டிருக்கவில்லை. தலையைத் தடவுவது மாதிரி குல்லாவின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“ஏழாவது சுத்துல ஒண்ணு விட்டிருக்க மக்ளே.”

எண்ணிப் பார்த்தேன். 41 இருந்தது.